கவரிங் நகை கறுக்கிறது, பச்சை ஏறுகிறது, அரிக்கிறது: எதற்கு என்ன செய்வது?

எங்கள் நாட்டிய வகுப்பின் நகைப்பெட்டி பத்து வருடமாக என் வீட்டில்தான் இருக்கிறது. நெற்றிச்சுட்டி, ராக்கொடி, மாட்டல், அட்டிகை, வங்கி, ஒட்டியாணம் என்று 14 செட். எல்லாம் கவரிங். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்தும் வியர்வையில் ஊறித்தான் திரும்பி வரும். அவற்றோடு மல்லுக்கட்டிப் பழகியதில், இப்போது சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாருடைய தோடு கறுத்தாலும் என் கதவைத் தட்டுகிறார்கள்.

அணிந்து கெட்ட நகையைவிடத் தேய்த்துக் கெட்ட நகைதான் என்னிடம் அதிகம் வருகிறது. நானே அப்படி ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். முதல் வருடம் ஒட்டியாணம் ஒன்று மங்கியதும், குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி புளியைக் கரைத்துப் போட்டு நன்றாகத் தேய்த்தேன். ஐந்து நிமிடம் பளபளவென்று இருந்தது. ஈரம் காய்ந்ததும் பார்த்தால் மேடான இடமெல்லாம் இளஞ்சிவப்பு. இருந்த முலாம் புளித்தண்ணீரோடு சிங்கில் போய்விட்டது. அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் கீழே உள்ள சோதனையைச் செய்துவிட்டு அப்புறம் தண்ணீரைத் தொடுங்கள்.

## முதல் சோதனை: முலாம் பூசியதா, வெறும் உலோகமா?

கவரிங்கில் அடியில் இருப்பது பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். மேலே மெல்லிய தங்க முலாம். முலாமே இல்லாத நகையும் உண்டு. துத்தநாகத்தைக் குறைவாக, பத்து விழுக்காட்டையொட்டிச் சேர்த்தால் அந்தக் கலவையே பார்வைக்குத் தங்கம் மாதிரி இருக்கும். லண்டன் கடிகாரக்காரர் ஒருவர் பெயரில் வழங்கும் பழைய பிஞ்ச்பெக் நகைகள் அந்த வகை. துத்தநாகம் முப்பது விழுக்காட்டுக்குப் போனால் விளக்குப் பித்தளையின் வெளிர் மஞ்சள் வந்துவிடும்.

வளையலின் உட்புறம், கொக்கியின் முனை, தோட்டின் தண்டு, இப்படி உரசித் தேய்கிற இடங்களை வெளிச்சத்தில் பாருங்கள். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

தேய்ந்த இடமும் மற்ற இடமும் ஒரே நிறம் என்றால் வெறும் உலோகம். தேய்ந்த இடம் மட்டும் இளஞ்சிவப்பு என்றால் முலாமுக்கு அடியில் செம்பு. வெளிர் மஞ்சள் என்றால் பித்தளை. வெள்ளையாகத் தெரிந்தால் நிக்கல் பூச்சாகவோ ஜெர்மன் சில்வராகவோ இருக்கலாம். ஜெர்மன் சில்வரில் வெள்ளி கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றும்தான். தோல் அரிப்பு உள்ளவர்கள் இந்த வெள்ளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிறத்தில் பொருபொருவென்று இருந்தால் அது வார்ப்புக் கலவை. அதில் ஈயம் கலந்திருக்கவும் கூடும். வாயில் வைக்கிற வயதுக் குழந்தைக்கு அதைப் போடவே வேண்டாம், பழுது பார்க்கச் செலவழிக்கவும் வேண்டாம்.

ஒரு காந்தத்தையும் வைத்துப் பாருங்கள். பலமாக இழுத்தால் உள்ளே இரும்பு. செம்பையும் துத்தநாகத்தையும் காந்தம் இழுக்காது. தங்கத்தையும் இழுக்காது. ஆகவே "காந்தம் ஒட்டவில்லை, அப்போது தங்கம்தான்" என்று கணக்குப் போடாதீர்கள்.

## நகை மங்கிவிட்டது, கறுத்துவிட்டது

உலர்ந்த பஞ்சால் துடைத்ததும் கறுப்பு வருகிறதா?
வந்தால் கவலையே இல்லை. வியர்வை, முகப்பவுடர், எண்ணெய் எல்லாம் சேர்ந்த அழுக்கு அது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப் இரண்டு துளி விட்டு, குழந்தைகள் பல் துலக்கும் மென்மையான பிரஷால் மெதுவாகத் தேய்த்து அலசுங்கள். எங்கள் பாட்டிமார் பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீரில் கழுவுவார்கள். அதில் புளி, எலுமிச்சை அளவுக்குப் புளிப்பும் இல்லை, மணல்போல் உரசுவதும் இல்லை. முலாமுக்கு அது மென்மையான சோப். தேக்காவில் நாட்டு மருந்துச் சாமான் விற்கிற கடையில் கேட்டுப் பாருங்கள்.

கழுவிய பிறகு காயவைப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். துண்டில் ஒற்றிவிட்டு அப்படியே டப்பாவில் போட்டால் கண்ணிகளுக்குள் இருக்கும் தண்ணீர் நாள் கணக்கில் காயாது. மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரமாவது பரப்பிவையுங்கள். ஹேர் டிரையரின் குளிர்காற்று இன்னும் நல்லது. சூடு வேண்டாம், கல்லைப் பிடித்திருக்கும் அரக்கு இளகிவிடும்.

துடைத்தும் கழுவியும் கறுப்பு போகவில்லையா?
நகை எங்கே இருந்தது என்று பாருங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தீர்களா? ரப்பரில் கந்தகம் உண்டு. அது பட்ட இடத்தில் கோடு போட்ட மாதிரி கறுக்கும். கம்பளித் துணியில் சுற்றி வைத்தாலும் இதே கதைதான். கந்தகம் சேர்ந்த பரு மருந்து பூசுகிற பிள்ளைகளின் நெற்றிச்சுட்டி கறுப்பதை வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். அடுத்து, பெட்டியிலேயே ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

வெறும் உலோகம் என்றால் இந்தக் கறுப்பை எடுத்துவிடலாம். எலுமிச்சைச் சாற்றில் சிட்டிகை உப்பு, அரை நிமிடம், உடனே அலசல், உடனே துடைப்பு. புளியும் சரிதான். ஊறப்போட்டுவிட்டுத் தொலைபேசி பேசப் போகாதீர்கள். கல் பதித்த இடத்தில் இந்த வேலையே வேண்டாம்.

முலாம் பூசியது என்றால் எலுமிச்சை, புளி, பித்தளைப் பொடி, பற்பசை நான்கும் கூடாது. பற்பசை மென்மையானது என்று பலர் நம்புகிறார்கள். அது உரசித் தேய்க்கத்தான் செய்யப்பட்டது, கவரிங்கின் முலாமோ பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட இருக்காது. அலுமினியத் தாளும் சோடா உப்பும் போடும் வைத்தியம் வெள்ளிக்குச் சொன்னது, இங்கே உதவாது. சோப்புக்கு வழிவிடாத கறுப்பு என்றால் முலாம் மெலிந்து அடி உலோகம் மேலே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி முலாம் போடுவதுதான் வழி.

எப்போது கடைக்குப் போவது? தேய்மானம் முகப்பில், பளிச்சென்று தெரியும் இடத்தில் இருந்தால். மறுமுலாமுக்குக் கொடுக்கும்போது எத்தனை மைக்ரான், அடியில் நிக்கல் பூச்சு உண்டா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் சொல்லாமல் "நல்லா மின்னும்" என்று மட்டும் சொன்னால் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நகை வாங்கிய விலையில் பாதிக்கு மேல் கூலி என்றால் நான் புதிதுதான் வாங்குவேன். பாட்டி கொடுத்தது என்றால் அந்தக் கணக்கு பொருந்தாது.

## தோலில் பச்சை ஏறுகிறது

இதைப் பார்த்துத்தான் பலர் பயந்து நகையைத் தூக்கி எறிகிறார்கள். செம்பும் வியர்வை உப்பும் சேர்ந்தால் வரும் நிறம் அது. சோப்புப் போட்டால் போய்விடும். அரிப்போ தடிப்போ இல்லாத வெறும் பச்சையால் உடம்புக்கு ஒன்றுமில்லை.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடந்துவிட்டு, கழுத்தைச் சுற்றிப் பச்சை வளையத்தோடு வந்து நின்றாள் பக்கத்து வீட்டுப் பெண். "அக்கா, விஷமா இது?" என்றாள். விஷமில்லை, மூன்று மணி நேர வியர்வை. சங்கிலியைத் திருப்பிப் பார்த்தபோது பின்கழுத்தில் படும் பத்துப் பன்னிரண்டு கண்ணிகளில் மட்டும் முலாம் போயிருந்தது.

ஆக, முதலில் பார்க்க வேண்டியது தோலில் படும் பக்கம். அங்கே முலாம் தேய்ந்திருந்தால், நகையைக் கழுவி நன்றாகக் காயவைத்து, அந்தப் பக்கத்தில் மட்டும் நிறமில்லாத நகப்பூச்சை மெல்லிசாக இரண்டு தடவை பூசுங்கள். வளையலுக்கும் மோதிரத்துக்கும் நன்றாகப் பிடிக்கும். சில வாரம் தாங்கும், உரிந்ததும் மறுபடி பூச வேண்டும். சங்கிலிக்கு ஒத்துவராது, கண்ணிகள் ஒட்டிக்கொண்டு முறுக்கேறும். சங்கிலியை மறுமுலாமுக்கே கொடுங்கள், அல்லது ரவிக்கைக் கழுத்துக்கு மேல் படும்படி போட்டுக்கொள்ளுங்கள்.

முலாம் தேயாமலே பச்சை வருகிறதா? உடம்பில் பூசும் கிரீம், சென்ட் எல்லாம் காய்ந்த பிறகு கடைசியாக நகை போட்டுப் பாருங்கள். கழற்றும்போது முதலில் நகை. பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும்.

## கொக்கியிலும் இடுக்கிலும் பச்சைப் பொடி

தோலில் அல்ல, நகையிலேயே பாசி மாதிரி பச்சைப் படிந்திருந்தால் அது களிம்பு. ஈரத்தோடு மூடி வைத்ததன் விளைவு. பல்குச்சியின் மழுங்கிய முனையால் சுரண்டி எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். அந்தத் தூளை முகர வேண்டாம், கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

ஒரு வாரத்தில் திரும்ப வந்தால் கோளாறு டப்பாவில். வெல்வெட் பெட்டிகளும் பஞ்சும் இந்த ஊர்க் காற்றில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நான் இப்போது ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனி ஜிப் பையில், ஒரு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு, காற்றை அழுத்தி வெளியேற்றி வைக்கிறேன். அவற்றை மூடி இறுக்கமான பெரிய டப்பாவில் அடுக்கிவிடுவேன். கேமரா வைக்கும் ஈரங்காப்பு அலமாரி வீட்டில் இருந்தால் அதிலேயே ஒரு தட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 40 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதம் நகைக்கும் நல்லதுதான்.

துணி அலமாரிக்கு வாங்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களில் எச்சரிக்கை தேவை. அடியில் சேர்கிற தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல, கால்சியம் குளோரைடுக் கரைசல். எங்கள் வகுப்பு ராக்கொடி ஒன்றின்மேல் அது கவிழ்ந்தது. மூன்றே நாளில் பச்சைக் கட்டி. நகை இருக்கும் தட்டுக்கு மேல் தட்டில் அதை வைக்காதீர்கள்.

## இளஞ்சிவப்புத் திட்டு

முலாம் நகையில் வந்தால் முலாம் போய்ச் செம்பு தெரிகிறது. மேலே சொன்ன மறுமுலாம்தான்.

வெறும் பித்தளையில் வந்தால் கதை வேறு. உலோகத்தின் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறிச் செம்பு தங்கிவிட்டது. நீச்சல் குளத்துக் குளோரின், கடல்நீர், நெடுநேரம் புளியில் ஊறுவது மூன்றும் வழக்கமான குற்றவாளிகள். துத்தநாகம் 15 விழுக்காட்டுக்கு மேல் உள்ள கலவைகளில்தான் இந்தத் தொல்லை பெரிதாக வரும். பிஞ்ச்பெக் மாதிரிக் கலவைகள் பழையதாகியும் பெரும்பாலும் ஒரே நிறமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேலோட்டமான சிவப்பு என்றால் உலோகப் பாலிஷ் போட்டு மென்துணியால் தேய்க்கத் தேய்க்க அடியில் உள்ள மஞ்சள் வரும். நகத்தால் கீறினால் பொடியாக உதிர்கிறது என்றால் அந்த இடம் உள்ளே பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. பளு தாங்க வேண்டிய கொக்கியோ வளையமோ அப்படி ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

## அரிப்பு, தடிப்பு, கொப்புளம்

இங்கே நகையை விட்டுவிட்டுத் தோலைப் பாருங்கள். நகையைக் கழற்றுவதுதான் முதல் வேலை.

போட்ட அன்றே இல்லாமல் ஓரிரு நாளில், நகை தொட்ட இடத்தில் மட்டும் சிவந்து அரித்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். காது மடல், கழுத்தில் கொக்கி படும் இடம், தொப்புளுக்குக் கீழே ஜீன்ஸ் பொத்தான் படும் இடம் மூன்றிலும் அரித்தால் என் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதியாகிவிடும். செம்பும் துத்தநாகமும் இப்படி அரிக்கவைப்பது அரிது. முலாமுக்கு அடியில் பூசும் நிக்கல்தான் பெரும்பாலும் காரணம். செம்பு மேலே ஏறி வந்து தங்க நிறத்தைக் கெடுக்காமல் இருக்கத்தான் அதைப் பூசுகிறார்கள். அதனால் மறுமுலாம் கடையில் நிக்கல் உண்டா என்று கேட்கச் சொன்னேனே, உங்களுக்கு அரிப்பு உண்டென்றால் "உண்டு" என்பது தப்பான பதில்.

நிக்கலைக் கண்டுபிடிக்கும் சோதனைத் திரவம் இணையத்தில் கிடைக்கிறது. பஞ்சுக் குச்சியில் நனைத்துத் தேய்த்தால், நிக்கல் வெளியேறும் இடத்தில் பஞ்சு இளஞ்சிவப்பாகும். தோட்டுத் தண்டுக்கு நகப்பூச்சு பூசி ஒரு மாலை சமாளிக்கலாம். தினமும் போடுகிற தோட்டுக்கு அது போதாது. தண்டை மட்டும் டைட்டானியத்திலோ தங்கத்திலோ மாற்றித் தரச் சொல்லிப் பத்தரிடம் கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும் கட்டம்: சீழ், சூடு, வலி, காய்ச்சல் இருந்தால் அது வெறும் ஒவ்வாமை இல்லை, கிருமித்தொற்றாக இருக்கலாம், அன்றே போய்விடுங்கள். நகையைக் கழற்றியும் அரிப்பு அடங்கவில்லை அல்லது திரும்பத் திரும்ப வருகிறது என்றால் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். தேவைப்பட்டால் மண்டலே சாலையில் இருக்கும் தேசியத் தோல் நிலையத்துக்கு எழுதித் தருவார்கள். எந்த உலோகம் ஒவ்வாது என்று முதுகில் ஒட்டுப் போட்டுச் சோதித்துச் சொல்லிவிடுவார்கள். வேப்பிலை, மஞ்சள் எல்லாம் அதற்கு முன் வேண்டாம். என்ன தடிப்பு என்று பார்க்கவே முடியாமல் போகும்.

## கல் விழுகிறது, மங்குகிறது

கெம்புக் கல் செட்டுகளில் கல்லுக்குப் பின்னால் ஒரு மினுமினுப்புத் தாள் இருக்கும். தண்ணீர் உள்ளே போனால் அது கறுத்து, கல்லே செத்த மாதிரி தெரியும். அதற்கு வைத்தியமில்லை, கல்லை மாற்றத்தான் வேண்டும். ஆகவே கெம்பு நகையை முக்கிக் கழுவாதீர்கள், ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். அதிர்வில் சுத்தம் செய்யும் இயந்திரத்திலும் போடாதீர்கள். சென்ட், கை சுத்திகரிப்பான் இரண்டிலும் ஆல்கஹால் உண்டு, அரக்கைக் கரைக்கும். விழுந்த ஒற்றைக் கல்லை நகைகளுக்கான பசையால் நீங்களே ஒட்டலாம். சூப்பர் குளூ வேண்டாம், சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும்.

## சும்மா இருந்தபோதே அறுந்துவிட்டது

இழுக்கவில்லை, மாட்டிக்கொள்ளவில்லை, பெட்டியைத் திறந்தால் வளையல் இரண்டாகக் கிடக்கிறது. கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். பிள்ளைகள்தான் திட்டு வாங்கும்.

முதலில் முறிந்த வாயைப் பாருங்கள். நீண்டு மெலிந்து அறுந்திருந்தால் தேய்மானம், அல்லது யாரோ இழுத்திருக்கிறார்கள். பற்றவைத்த இடத்தில் விட்டிருந்தால் பற்றாசு சரியாக ஓடவில்லை. இரண்டுமே எளிது. துளி மெலிவும் இல்லாமல் பிஸ்கட் ஒடிந்த மாதிரி இருந்தால் அம்மோனியாவைச் சந்தேகியுங்கள். வளைத்து அடித்து உருவாக்கிய பித்தளையில் உள்ளுக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். அம்மோனியா பட்டால் அது விரிசலாக வெளிப்படும். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்கு அருகே வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே விரிசல் விட்டது இதனால்தான். குதிரை மூத்திரத்து அம்மோனியா என்று 1921ல்தான் காரணம் தெளிவானது. நம் வீட்டில் குதிரை இல்லை. கண்ணாடி துடைக்கும் திரவமும் சில தலைச்சாயங்களும் உண்டு. தலைக்குச் சாயம் போடும்போது தோடு மாட்டலைக் கழற்றிவிடுங்கள்.

பற்றவைக்க நகைப்பட்டறைக்குத்தான் போக வேண்டும், வீட்டில் முயலாதீர்கள். போகும்முன் இரண்டு விஷயம். கல்லைக் கழற்றித்தான் சூடு காட்ட முடியும். சூடு பட்ட இடத்தில் முலாம் கருகும், ஆகவே மறுமுலாம் கூலியையும் சேர்த்துக் கேளுங்கள். சாம்பல் நிற வார்ப்புக் கலவையைப் பத்தர் தொடவே மாட்டார். பற்றாசு உருகும் முன் நகையே உருகிவிடும்.

## "இது தங்கம் என்றுதான் கொடுத்தார்கள்"

இதைக் கோளாறு என்று சொல்லலாமா தெரியவில்லை, ஆனால் மாதம் ஒருவராவது இதற்கு வருகிறார்கள். 916 முத்திரையைக் காட்டுவார்கள். முத்திரையைப் போலியிலும் குத்தலாம்.

சமையலறைத் தராசு போதும், 0.1 கிராம் காட்ட வேண்டும். நகையை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கிளாஸ் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். நகையை நூலில் கட்டி, கிளாஸின் அடியையும் சுவரையும் தொடாமல் முழுதும் முங்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுகிற எண்ணால் முதல் எடையை வகுத்துப் பாருங்கள். 22 காரட் தங்கம் என்றால் 17.5ஐ ஒட்டி வரும். செம்பும் துத்தநாகமும் என்றால் 8.4 முதல் 8.8 வரை. நகை சிறியதாக இருந்தால் தராசின் பிழையே கணக்கைக் கெடுக்கும். பத்துக் கிராமுக்குக் கீழே நான் தீர்ப்புச் சொல்வதில்லை. கல் பதித்தது, உள்ளே கூடானது, அரக்கு அடைத்தது எதற்கும் இந்தச் சோதனை சரிவராது. பணம் கைமாறப் போகிறது என்றால் அடகுக்கடையிலோ நகைக்கடையிலோ உரைத்தோ கருவியில் வைத்தோ பார்க்கச் சொல்லுங்கள்.

போன மாதம் ஐந்தாம் மாடிப் பெரியவர் ஒருவர் தாத்தாவின் கடிகாரச் சங்கிலியைக் கொண்டுவந்தார். 26.1 கிராம். தண்ணீரில் 3.0. வகுத்தால் 8.7. தேய்ந்த கண்ணியிலும் நிறம் மாறவில்லை, முலாமே கிடையாது. "அப்போ பித்தளையா?" என்றார், முகம் வாடிவிட்டது. பித்தளைக்குச் சித்தப்பா மகன் என்றேன். லண்டனில் ஃபிளீட் தெருவில் கடிகாரம் செய்த கிறிஸ்டோபர் பிஞ்ச்பெக் என்பவர் உண்டாக்கிய கலவையின் சாயல். அவர் 1732ல் இறந்தார், கலவையின் அளவைக் கடைசி வரை ரகசியமாகவே வைத்திருந்தார். 1854ல் பிரிட்டனில் 9 காரட் தங்கத்துக்கு அனுமதி கிடைத்ததும் இதன் மவுசு குறைந்தது. பெரியவருக்கு மலாய் நன்றாகத் தெரியும். செம்புக்கு மலாயில் தெம்பாகா என்பார்களே, அதிலிருந்துதான் இந்த வகைக் கலவைக்கு ஐரோப்பாவில் தொம்பாக் என்று பெயர் வந்தது என்றதும் சிரித்துவிட்டார்.

எலுமிச்சையும் உப்பும் அரை நிமிடம், அலசி, மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம். ஜிப் பையில் போட்டுக் கொடுத்தேன். பொங்கலுக்கு ஜிப்பாவில் மாட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.